பேபி ஆஃப் மாராத்தாள்

அறுபது வயது நிறைந்த அன்று காலை ஒன்பது மணிக்கு, சங்கம் டாக்டர் வெள்ளியங்கிரியை எடை போட்டது.

எழுபத்தோராயிரத்து முந்நூற்று நாற்பது கிராம்.

"நேத்தைவிட முப்பது கிராம் கம்மி," என்றாள் எடை போட்ட நர்ஸ். "சரியாப் பால் குடிக்கலையா?"

"காபி குடிச்சேன்."

"எத்தனை மில்லி?"

"நூத்தம்பது இருக்கும்."

எழுதிக்கொண்டாள். வாந்தி உண்டா என்று கேட்டாள். இல்லை என்றார். அதையும் எழுதிக்கொண்டாள். பிறகு அவருடைய இடது மணிக்கட்டில் ஒரு பிளாஸ்டிக் பட்டையைச் சுற்றி மாட்டினாள். அதில் அவர் பெயர் இல்லை. 'பேபி ஆஃப் மாராத்தாள்' என்று இருந்தது. கீழே ஓர் எண்: 4117.

இதில் அவருக்கு வியப்பு ஒன்றும் இல்லை. பிறந்த குழந்தைக்குப் பெயர் கிடையாது. பெயர் வைக்கும்வரை அது அம்மாவின் பெயரில்தான் வார்டில் கிடக்கும். சங்கத்துக்குள் நுழைகிற உறுப்பினருக்கும் அதே வழக்கம். நாடெங்கும் பச்சிளங்குழந்தை மருத்துவர்கள் எட்டாயிரத்துச் சொச்சம் பேர் அந்தச் சங்கத்தில் இருந்தார்கள். எவ்வளவு பெரிய பேராசிரியராக இருந்தாலும் வாசலைத் தாண்டிவிட்டால் ஏதோ ஓர் அம்மாவின் குழந்தைதான். சங்கத்துக்கு அதில் பெருமை உண்டு.

சங்கத்தின் தலைமையகம் அவர் வேலை பார்த்த மருத்துவமனையின் நான்காவது மாடியில் இருந்தது. மருத்துவமனைக்கு மொத்தம் மூன்று மாடிகள். நான்காவதுக்குப் போக வேண்டுமானால் கைக்கடிகாரத்தைக் கழற்றி, முழங்கை வரை கைகளைக் கழுவிக்கொண்டு லிஃப்டில் ஏற வேண்டும். லிஃப்ட் ஆபரேட்டர் நகங்களைப் பார்த்துவிட்டுத்தான் பொத்தானை அழுத்துவார்.

அன்றைக்கு வெள்ளியங்கிரியின் நகங்கள் சரியாக இருந்தன. அவர் ஒரு மனு கொடுக்க வந்திருந்தார். அவருக்குப் பதினொரு வாரம் வேண்டும்.

*

சங்கத்தின் சட்டப்படி, அறுபது நிறைந்த உறுப்பினர் அன்று பகல் பன்னிரண்டு மணிக்கு மேல் எந்தக் குழந்தையையும் தொடக் கூடாது. அவருக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. கீழே இரண்டாவது மாடியில், சூடு தரும் ஏழாம் நம்பர் வார்மரில், பேபி ஆஃப் தமயந்தி படுத்திருந்தது. பெண் குழந்தை. இருபத்தைந்தாவது வாரத்தில் பிறந்து நான்கு நாள் ஆகியிருந்தது. அறுநூற்று நாற்பது கிராம். ஒரு பெரிய மாம்பழத்தின் எடை. எல்லாம் ஒழுங்காக நடந்தால் அது வீட்டுக்குப் போகப் பதினொரு வாரம் ஆகும்.

அடுத்து வரப்போகிற டாக்டர் கெட்டிக்காரர்தான். அதைப் பற்றி வெள்ளியங்கிரிக்குக் கவலை இல்லை. கவலை ஒரு சொல்லைப் பற்றியது.

சங்கத்தின் முதல் விதி இது: குழந்தையைப் பற்றித் தாயிடம் எதைச் சொன்னாலும் 'இப்போதைக்கு' என்ற சொல்லைச் சேர்த்தே சொல்ல வேண்டும். இப்போதைக்குப் பரவாயில்லை. இப்போதைக்கு மூச்சு சீரா இருக்கு. இப்போதைக்குப் பால் செரிக்குது. சங்கத்தின் முத்திரையிலும் அந்த ஒரு சொல்தான் பொறித்திருக்கும். குழந்தைகளின் நிலைமை மணிக்கு மணி மாறும் என்று அறிந்தவர்களின் சொல் அது. வெள்ளியங்கிரி முப்பத்தொரு வருடம் அதைத் தவறவிட்டதே இல்லை. வீட்டில் சாம்பார் எப்படி இருக்கிறது என்று மனைவி கேட்டாலும், "இப்போதைக்கு நல்லா இருக்கு," என்பார்.

நான்கு நாளைக்கு முன்னால் தவறவிட்டார்.

தமயந்திக்கு இருபத்துமூன்று வயது. கிணத்துக்கடவுப் பக்கம். வயிற்றில் தையலோடு, சுவரைப் பிடித்துக்கொண்டே வார்மர் வரை நடந்து வந்தாள். குழந்தையைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"சார், இவள நீங்களே ஊட்டுக்கு அனுப்பி வெப்பீங்களா?"

"அனுப்பி வைக்கிறேன்மா," என்றார்.

அவ்வளவுதான். பக்கத்தில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்த சிஸ்டர் ஃபிலோமினா திரும்பிப் பார்த்தாள். அந்தச் சொல் விழுந்துவிடும் என்று ஒரு நிமிடம் காத்திருந்தாள். விழவில்லை. கேஸ் ஷீட்டில் நேரத்தைக் குறித்தாள்: மாலை 4.10, டாக்டர் வாக்குக் கொடுத்தார்.

*

பதினொரு வாரத்துக்கு ஒரே வழிதான் இருந்தது.

குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கு வயது இரண்டு. ஒன்று, பிறந்த நாளிலிருந்து எண்ணுவது. மற்றது, பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ணுவது. இரண்டாவதற்குத் திருத்திய வயது என்று பெயர். "உங்க பாப்பா இன்னும் உட்காரலையேன்னு பயப்படாதீங்க. அது ரெண்டு மாசம் முன்னாடி வந்துட்டது. அந்த ரெண்டு மாசத்தைக் கழிச்சுப் பாருங்க," என்று ஆயிரக்கணக்கான தாய்மார்களுக்கு அவர் சொல்லியிருக்கிறார்.

வெள்ளியங்கிரியும் ஏழாம் மாதத்தில் பிறந்தவர். வால்பாறையில் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அவர் பட்டப்பெயர் 'ஏழு மாசம்'. வாத்தியார்கூட வருகைப் பதிவில் அப்படித்தான் கூப்பிட்டார். ஐம்பது வருடம் கழித்து அந்தப் பட்டப்பெயர் பயன்படும் என்று அவர் நினைத்ததில்லை.

மனுப் படிவத்தில் மூன்று கேள்விகள் இருந்தன.

ஒன்று: பிறந்ததும் அழுதீர்களா?

இரண்டு: இல்லை என்றால், ஏன்?

மூன்று: இப்போது?

முதல் கேள்விக்கு 'தெரியாது' என்றும், இரண்டாவதற்குக் 'கேட்டுச் சொல்கிறேன்' என்றும் எழுதினார். மூன்றாவதை நிரப்பாமல் விட்டார்.

திருத்தப் பிரிவு தாழ்வாரத்தின் கோடியில் இருந்தது. தாழ்வாரத்தின் தொடக்கத்தில் ஒரு வளர்ச்சி வரைபடம் மாட்டியிருந்தது. குழந்தைகளுக்குப் போடுவது மாதிரியே வளைகோடுகள். ஆனால் அது தாழ்வாரத்தின் வரைபடம். திங்கட்கிழமைதோறும் அதை அளப்பார்கள். போன மாதம் அறுபது மீட்டர். இந்த மாதம் நூற்றுப்பத்து.

"நல்லா வளருது," என்றார் டேப்பைச் சுற்றிக்கொண்டிருந்த ஊழியர். "பொறக்கும்போது ரெண்டு கதவு தூரம்தான் இருந்துச்சு. யாரும் நம்பல."

"இப்போதைக்கு நல்ல வளர்ச்சி," என்றார் வெள்ளியங்கிரி.

ஊழியரின் முகம் மலர்ந்தது.

பத்து மீட்டருக்கு ஒரு குழாய் இருந்தது. ஒவ்வொரு குழாயிலும் கை கழுவிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, விரல் முட்டி, கட்டைவிரல், நகநுனி. ஆறு படிகள். பதினொரு முறை கழுவினார். மனுவில் மை கரைந்து ஓடியது. கவலைப்பட ஒன்றுமில்லை. ஈரம் படாத மனுக்களைச் சங்கம் வாங்குவதில்லை.

*

திருத்தப் பிரிவுக்குக் கதவு இல்லை. இன்குபேட்டரில் இருப்பது போலச் சுவரில் இரண்டு வட்ட ஓட்டைகள் இருந்தன. அவற்றின் வழியாக இரண்டு கைகள் வெளியே வந்தன. வளையல் இல்லை, மோதிரம் இல்லை, நகம் ஒட்ட வெட்டியிருந்தது. கண்காணிப்பாளர் குணவதியின் கைகள் அவை. முகத்தை யாரும் பார்த்ததில்லை. கைகளைப் பார்த்தாலே மரியாதை வரும்.

கைகள் மனுவை வாங்கி நீரைப் பிழிந்தன.

"பேபி ஆஃப் மாராத்தாள். எத்தனை வாரம் முன்னாடி பிறந்தீங்க?"

"பதினொண்ணு."

"எழுபத்தேழு நாள்." வலது கை காற்றில் விரல் விட்டு எண்ணியது. "போட்டாச்சு. உங்க திருத்திய வயசு அறுபது வருஷம், எழுபத்தேழு நாள்."

வெள்ளியங்கிரி ஓட்டையின் அருகே குனிந்தார். "மேடம், கழிக்கணும். நீங்க கூட்டிட்டீங்க."

"முன்னாடி வந்தவங்களுக்கு முன்னாடிதானே முடியணும்?"

"அப்படி இல்லைங்க மேடம். நீங்களே எத்தனை குழந்தைக்குப் போட்டிருப்பீங்க."

"குழந்தைக்குக் கழிப்போம். டாக்டருக்கு இதான் முதல் தடவை. கூட்டிட்டேன்." கைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. "பதிவேட்டுல ஏறிடுச்சு டாக்டர். நீங்க ஜூலை ஒண்ணாம் தேதியே ஓய்வு பெற்றாச்சு. வாழ்த்துகள்."

"இன்னைக்கு செப்டம்பர் பதினாறு."

"ஆமா. அதனால அதுக்கப்புறம் நீங்க வார்டுல சேர்த்த குழந்தைங்க யாரும் சேர்ந்ததாவே கணக்கு இல்ல."

சட்டைப் பையில் பாலித்தீன் உறைக்குள் இருந்த கைபேசி அடித்தது. சிஸ்டர் ஃபிலோமினா.

"சார், ஏழாம் நம்பர் வார்மர்ல குழந்தையக் காணோம்."

"காணோம்னா?"

"வார்மர் ஓடுது. துணி சூடா இருக்கு. மானிட்டர்ல நாடித்துடிப்பு நூத்தம்பது காட்டுது. குழந்தை மட்டும் இல்ல. கேஸ் ஷீட் வெள்ளையா இருக்கு. தமயந்தி கையை உள்ள வச்சுக்கிட்டு நிக்கிறா. எடுக்கச் சொல்லட்டுமா?"

"வேண்டாம். வச்சிருக்கச் சொல்லுங்க. வார்மரை அணைச்சுடாதீங்க."

"என்ன சொல்லட்டும் அவகிட்ட?"

"வந்துட்டிருக்கேன்னு சொல்லுங்க," என்றார்.

ஓட்டைக்குள் குனிந்து, "மேடம், இதைத் திருத்தணும்," என்றார். "உடனே."

"அடிச்சுத் திருத்த முடியாது டாக்டர். சாட்சி வேணும். நீங்க இருபத்தொம்பது வாரத்துல பிறந்தவர்தான்னு நிரூபிச்சா மறுபடியும் கணக்குப் போடுவேன். இந்தத் தடவை கழிச்சே போடுவேன்." குரல் கொஞ்சம் தணிந்தது. "முப்பது வருஷத்துல எனக்கு இதான் முதல் தப்பு. இப்போதைக்கு."

*

நிரூபிக்க இரண்டு வழிகள் இருந்தன. முதலாவது உடற்சோதனை.

அவரை ஒரு மேசையில் படுக்க வைத்தார்கள். எட்டு உறுப்பினர்கள் சுற்றி நின்றார்கள். தலைமாட்டில் செயலாளர் பேபி ஆஃப் கோமதி நின்றார். எழுபது வயதைத் தாண்டியவர். அவர் பல வருடங்களுக்கு முன்பே கடிகாரமாக மாறிவிட்டார். குழந்தை பிறந்த முதல் நிமிடத்திலும், ஐந்தாவது நிமிடத்திலும், பத்தாவது நிமிடத்திலும் மட்டும் பேசுவார். மற்ற நேரங்களில் மெதுவாக டிக் டிக் என்பார். அவர் பக்கத்தில் நின்றால் எல்லோருக்கும் ஒரு தைரியம்.

குழந்தையின் முதிர்ச்சியைப் பார்க்கிற அதே தேர்வுதான். வலது கையை எடுத்து மார்புக்குக் குறுக்கே இழுத்தார்கள். பாதி வழியில் தோள்பட்டை மளுக்கென்றது. காது மடலை மடக்கி விட்டார்கள். துள்ளி நிமிர்ந்தது.

"நல்ல காது," என்றார் ஒருவர்.

முதுகில் பூனைமுடி இருக்கிறதா என்று பார்த்தார்கள். முடி இருந்தது. பூனையுடையது அல்ல என்று தீர்மானம் ஆனது. கடைசியாகப் பாதத்தைப் பார்த்தார்கள். ரேகைகள் ஏராளம். குதிகாலில் வெடிப்பும் இருந்தது. வெடிப்புக்கு அட்டவணையில் மதிப்பெண் இல்லை. அதைப் பற்றி நீண்ட விவாதம் நடந்தது. சுவரில் பத்தரை ஆனது.

"நாற்பத்துநாலு வாரம்," என்றார்கள் முடிவாக. "உச்ச மதிப்பெண். நீங்க நாள் கடந்து பிறந்தவர்."

"இந்தச் சோதனையைப் பிறந்த நாலஞ்சு நாளைக்குள்ள பண்ணணுமே சார்," என்றார் வெள்ளியங்கிரி, சட்டையைத் தேடியபடி.

"அப்பவே வந்திருக்கலாமே?"

"ஒரு நிமிஷம்," என்றார் செயலாளர். மறுபடி டிக் டிக் என்றார்.

மிச்சம் இருந்தது இரண்டாவது வழி. தாயின் வாக்குமூலம்.

*

தாய்மார்கள் பார்க்கும் நேரம் பதினொன்று முதல் பதினொன்றரை வரை. தாழ்வாரத்தில் நீளமான பெஞ்சு போட்டிருந்தது. சங்கத்தின் எட்டாயிரம் உறுப்பினர்களின் அம்மாக்களும் அதில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் பிரசவமான வயதில் இருந்தார்கள். மடியில் எவர்சில்வர் டம்ளர், துணிப்பை, தூக்குவாளி. சிலர் தூங்கி வழிந்தார்கள். யாரும் சத்தமாகப் பேசவில்லை. வார்டு வாசலில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு மெதுவாகப் பேசத்தான் வரும்.

வெள்ளியங்கிரியின் அம்மா இறந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. அதனால் அவளுக்கு வரிசையில் நல்ல இடம் கிடைத்திருந்தது. ஜன்னல் ஓரம். இருபது வயது. தேயிலை பறிக்கும்போது போர்த்துகிற கறுப்புக் கம்பளியை இழுத்துப் போர்த்தியிருந்தாள். அவர் வந்ததும் எழுந்து நின்றாள். அறுபது வயது டாக்டருக்குக் காட்ட வேண்டிய மரியாதையைக் காட்டினாள்.

"உக்காருங்கம்மா," என்றார்.

உட்காரவில்லை. "ஏனுங்க டாக்டரு, எம் பையன் எப்படீங்க இருக்கறான்?"

அவர் அந்தக் கேள்வியை ஒரு லட்சம் தடவையாவது கேட்டிருப்பார். வாய் தானாக விடை சொன்னது. "இப்போதைக்கு..."

"அதுக்கு அப்பறம்?"

"என்னம்மா?"

"இப்போதைக்கு, இப்போதைக்குன்னு வர்றவங்க போறவங்க எல்லாம் அதையேதான் சொல்றீங்க. அதுக்கு அப்பறம் என்னங்க? நானும் இந்த பெஞ்சுல எத்தனை வருசமாத்தான் உக்காந்திருக்கறது?"

பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்த அம்மாக்கள் சிலர் கண் விழித்தார்கள். "அப்படிக் கேளு பிள்ள," என்றாள் ஒருத்தி.

பக்கத்துச் சுவரின் ஓட்டைகளிலிருந்து குணவதியின் கைகள் பதிவேட்டோடு வெளியே வந்தன. "தாய் மட்டும் பதில் சொல்லட்டும். கடைசியா வீட்டு விலக்கு ஆன தேதி?"

"தேதியெல்லாம் ஆருங்க பாத்தா," என்றாள் மாராத்தாள். "மாரியம்மனுக்குப் பூச்சாட்டு. எஸ்டேட்டு சனமே கோயிலுக்குப் போச்சு. நாம் போகலீங்க. வெளிய உக்காந்திருந்தேன். மேளச் சத்தம் மட்டும் கேட்டுச்சு. அழுகாச்சியா வந்துச்சு. அதான் நெனப்பிருக்குது."

கைகள் ஒரு நீளமான அட்டவணையை விரித்தன. சங்கம் நாற்பது வருடம் உழைத்துத் தயாரித்த அட்டவணை அது. இந்த நாட்டின் எல்லாக் கோயில் கொடியேற்றங்களும், சந்தனக்கூடுகளும், தேர்த் திருவிழாக்களும், அறுவடைகளும், வெள்ளங்களும் தேதிவாரியாக அதில் இருந்தன. எந்தத் தாயும் தேதியை நினைவு வைத்திருப்பதில்லை, விசேஷத்தை நினைவு வைத்திருப்பாள் என்று சங்கத்துக்குத் தெரியும்.

"அந்த எஸ்டேட் பூச்சாட்டு மாசி பதிமூணு. பிப்ரவரி இருபத்தஞ்சு. பிரசவத் தேதி டிசம்பர் ரெண்டு. பிறந்தது செப்டம்பர் பதினாறு." விரல்கள் மடங்கின. இந்த முறை மிக மெதுவாக. "இருபத்தொம்பது வாரம். சரியா இருக்கு. பிறந்ததும் அழுதானா?"

"இல்லீங்க. பூனைக்குட்டியாட்ட முனகுனான். நாந்தான் அழுதேன்."

"எடை?"

"தராசு இல்லீங்க. எஸ்டேட்டு ஆசுபத்திரியில கம்பவுண்டர் பாத்துட்டு, தங்காது தாயி, ஊட்டுக்குக் கொண்டு போன்னுட்டாரு."

"இன்குபேட்டர்?"

"அப்படீன்னா?"

"சூடு. குழந்தைக்குச் சூடு எப்படிக் குடுத்தீங்க?"

மாராத்தாள் கம்பளியைக் கொஞ்சம் விலக்கி நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். "இங்க வெச்சுக் கட்டிக்கிட்டேன். துணி கிணி எதும் இல்லாம, ஒடம்போட ஒடம்பா. மேல கம்பளி. ரெண்டரை மாசம் எறக்கலீங்க. கொழுந்து பறிக்கையிலயும் இங்கதான். பஞ்சுல நனச்சு நனச்சுப் பாலு குடுத்தேன்."

"எந்த வழிகாட்டு நெறிப்படி?"

"மழைங்க. குளுரா இருந்துச்சு."

குணவதியின் கைகள் எழுதுவதை நிறுத்தின.

அப்போது தாழ்வாரத்தின் இரண்டு பக்கச் சுவர்களிலும் ஓட்டைகள் திறந்தன. கண்ணுக்கெட்டிய தூரம் வரை. ஒவ்வொன்றிலிருந்தும் இரண்டிரண்டு கைகள் வெளியே வந்தன. கடிகாரம் கழற்றிய, நகம் வெட்டிய, முழங்கை வரை கழுவிய பதினாறாயிரம் கைகள். அதே நெஞ்சுச் சூட்டைப் பற்றி எத்தனையோ ஆய்வரங்குகளில் கட்டுரை வாசித்த கைகள். வார்டில் சத்தம் கூடாது என்பதால் அவை தட்டவில்லை. மூடி மூடித் திறந்தன. மாராத்தாளுக்குச் சங்கம் செலுத்திய மரியாதை அது. காற்று மட்டும் லேசாக அசைந்தது.

மாராத்தாள் மிரண்டு பார்த்தாள். பிறகு அவளும் தன் கைகளை நீட்டி மூடி மூடித் திறந்தாள்.

"இன்னும் ஒண்ணு பாக்கி," என்றன குணவதியின் கைகள், பதிவேட்டைத் திருப்பியபடி. "பேபி ஆஃப் மாராத்தாள் இன்னும் டிஸ்சார்ஜ் ஆகல. அறுபது வருஷமா உள்நோயாளி. உள்நோயாளி வைத்தியம் பார்க்க முடியாது. பொறுப்பு டாக்டர், குழந்தையோட நிலையைத் தாய்கிட்ட சொல்லிக் கையெழுத்துப் போடணும். பொறுப்பு டாக்டர் நீங்கதான்."

சுவரில் பதினொன்று இருபத்தைந்து. பதினாறாயிரம் கைகளும் அசையாமல் நின்றன. செயலாளர் டிக் டிக் என்றார்.

வெள்ளியங்கிரி பதிவேட்டின் மேல் இருந்த தன் ஈரப் படிவத்தைப் பார்த்தார். மூன்றாவது கேள்வி காலியாக இருந்தது. இப்போது?

முப்பத்தொரு வருடத்தில் எத்தனை பெஞ்சுகள். எத்தனை அம்மாக்கள். அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார். அவர்கள் வெளியே அதோடு உட்கார்ந்திருப்பார்கள்.

"நல்லா இருக்கான்மா," என்றார்.

ஒரு நிமிடம் காத்திருந்தார்கள். அந்தச் சொல் வரவில்லை.

"ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போலாமுங்களா?"

"போலாம். டிசம்பர் ரெண்டாம் தேதி. நீங்க கணக்குச் சொன்ன அதே நாள்."

"அதுவரைக்கும் எதுக்குங்க இங்க?"

"அவனுக்கு ஒரு வேலை பாக்கி இருக்கு."

"குழந்தைக்கு என்னங்க வேலை?"

"டாக்டரா இருக்கான்," என்றார். "கீழ ஒரு குழந்தை. அறுநூத்து நாற்பது கிராம். அது அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டான்."

மாராத்தாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். அவளுக்கு எழுத்து தெரியாது. தன் மணிக்கட்டுப் பட்டையை அவர் மணிக்கட்டுப் பட்டைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். 4117. 4117. வடிவங்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுச் சரிபார்த்தாள். வார்டில் குழந்தை மாறிவிடாமல் இருக்கச் செய்கிற ஏற்பாடு அது. இதுவரை தவறியதில்லை.

"முப்பது கிராம் கொறஞ்சிருக்கியாமா," என்றாள். "வெறுங் காபியக் குடிச்சா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"சரி போ கண்ணு. சொன்னதச் செஞ்சுட்டு வா. நான் இங்கதான் இருக்கறேன்." பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவளிடம் திரும்பினாள். மெதுவாகப் பேசுவதை மறந்துவிட்டாள். "அக்கா, பாத்தீங்களா? எம் பையன். தங்காதுன்னாங்க."

"அஞ்சு நிமிஷம்," என்றார் செயலாளர். அருகே வந்து வெள்ளியங்கிரியின் மூச்சு, நிறம், நாடி எல்லாவற்றையும் பார்த்தார். பத்துக்கு மதிப்பெண் போட வேண்டும். கைகளைத் தூக்கிப் பார்த்தார். பதினொரு முறை கழுவியதில் விரல்கள் குளிர்ந்து நீலம் பாரித்திருந்தன. "ஒன்பது," என்றார். சங்கத்தின் வரலாற்றில் பத்து யாருக்கும் கொடுத்ததில்லை. யாருக்கும் விரல்கள் முழுதாகச் சிவந்திருந்ததில்லை. ஒன்பது என்றால் போதும். ஒன்பது வாங்கியவர்கள்தான் உலகத்தை நடத்திக்கொண்டிருக்கிறார்கள்.

வெள்ளியங்கிரி படிவத்தில் கையெழுத்துப் போட்டதும், குணவதியின் கைகள் எழுபத்தேழு நாளைக் கழித்து எழுதின.

கைபேசி அடித்தது.

"சார்," என்றாள் சிஸ்டர் ஃபிலோமினா. "குழந்தை வார்மர்ல இருக்கு. தமயந்தி விரலைப் புடிச்சுக்கிட்டு இருக்கு. என்ன எழுதட்டும்?"

"நேரத்தை எழுதுங்க," என்றார்.

*

தாழ்வாரம் அதற்குள் நன்றாக வளர்ந்துவிட்டிருந்தது. அதைக் கடக்க எழுபத்தேழு நாள் ஆகும் என்றார் டேப் வைத்திருந்த ஊழியர். பெருமை தாளாமல் இரண்டு முறை சொன்னார்.

எனவே சிஸ்டர் ஃபிலோமினா ஏழாம் நம்பர் வார்மரைத் தாழ்வாரத்துக்கே தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். ஒரு பக்கம் அவள், ஒரு பக்கம் தமயந்தி, தலைமாட்டில் வெள்ளியங்கிரி. நடந்தார்கள். குழாய்களில் கை கழுவினார்கள். இரண்டாவது வாரம் குழந்தை மூச்சு விட மறந்தது. வெள்ளியங்கிரி அதன் பாதத்தைச் சுண்டினார். நினைவு வந்தது. நான்காவது வாரம் ஒரு கிருமி வந்தது. ஒன்பது நாள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். அந்த ஒன்பது நாளும் தாழ்வாரம் வளரவில்லை. ஆறாவது வாரம் குழந்தை ஒரு கிலோவைத் தொட்டது. ஓட்டைகளிலிருந்து கைகள் வந்து மூடி மூடித் திறந்தன. ஏழாவது வாரம் வார்மரை விட்டுவிட்டார்கள். தமயந்தி குழந்தையை நெஞ்சில் கட்டிக்கொண்டாள். எப்படிக் கட்டுவது என்று பெஞ்சிலிருந்து ஒரு குரல் சொன்னது.

"இன்னும் கீழ எறக்கிக் கட்டு பிள்ள. அதோட காது உன் நெஞ்சுல படணும்."

டிசம்பர் இரண்டாம் தேதி பதினொன்றே முக்காலுக்குத் தாழ்வாரம் முடிந்தது. முடிந்த இடத்தில் மருத்துவமனையின் வெளிவாசல் இருந்தது. குழந்தை இப்போது இரண்டாயிரத்துப் பத்து கிராம். தமயந்தியின் கணவர் டெம்போவை நிறுத்திவிட்டு, தேங்காய் நார் ஒட்டிய சட்டையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

தமயந்தி நின்றாள். "சார், எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா," என்றார்.

சிஸ்டர் ஃபிலோமினா கேஸ் ஷீட்டில் நேரத்தைக் குறித்தாள். டெம்போ கிளம்பிப் போனது. வாசலில் இருந்த எடை மேடையில் வெள்ளியங்கிரியை ஏற்றினார்கள். எழுபத்தோராயிரத்து முந்நூற்று எழுபது. குறைந்த முப்பது கிராமும் தேறிவிட்டது. இனிப் போகலாம்.

பெஞ்சிலிருந்து மாராத்தாள் எழுந்து வந்தாள். டம்ளரைத் துணிப்பைக்குள் போட்டாள். வெளியே தூறிக்கொண்டிருந்தது. கம்பளியின் ஒரு பக்கத்தை விரித்துப் பிடித்தாள்.

"உள்ள வா கண்ணு. குளுருது."

அவர் குனிந்து உள்ளே போனார். இடம் சரியாக இருந்தது. முப்பத்தாறு புள்ளி எட்டு டிகிரி இருக்கும்.

வாசல் காவலாளி கையைக் குறுக்கே நீட்டினார். குழந்தையோடு வெளியே போகிற எல்லோரையும் நிறுத்திச் சரிபார்ப்பது அவர் வேலை. இரண்டு பட்டைகளையும் பார்த்தார். எண் பொருந்தியது. கம்பளிக்குள் எட்டிப் பார்த்தார். நரைத்த தலை ஒன்று தெரிந்தது.

"என்ன குழந்தைம்மா?" என்றார் பதிவேட்டைத் திறந்தபடி. "பையனா, பொண்ணா?"

"டாக்டருங்க," என்றாள் மாராத்தாள்.